நல்ல மேய்ப்பன் கதைப் பெட்டி: காரைக்குடியில் செய்வித்து வாங்கலாமா?

வேதாகமத்தில் யோவான் 10-ல் வரும் நல்ல மேய்ப்பன் கதையை மர உருவங்களை நகர்த்திச் சொல்வதற்கான பெட்டி இது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் சாமான் என்று நினைத்துத்தான் இந்தப் பெட்டியை வாங்குகிறார்கள். சரியாகக் கையாண்டால், கூட உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கே இது அதிகம் கற்றுக்கொடுக்கிறது. காரைக்குடித் தச்சுப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்வித்த பெட்டியைப் பற்றிய மதிப்புரை இது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். மரவேலைக்குப் பேர்போன ஊரில் அதற்கு அவசியமே இல்லை.

முறை புதியதல்ல. வேதாகம அறிஞர் சோபியா கவல்லெத்தியும் மாண்டிசோரி ஆசிரியை ஜியான்னா கோபியும் 1954-ல் ரோமில் பிள்ளைகளுக்கான நல்லாயன் (நல்ல மேய்ப்பன்) மறைக்கல்வியைத் தொடங்கினார்கள். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் வழிதான் அதற்கு அடிப்படை: பிள்ளை கையால் தொட்டு, தன் வேகத்தில் கற்கட்டும். அதிலிருந்து அமெரிக்காவில் ஜெரோம் பெரிமன், உருவங்களை நகர்த்தி வேதாகமக் கதை சொல்லும் 'காட்லி ப்ளே' முறையை வளர்த்தார். உவமைக்குத் தங்க நிறப் பெட்டி வைப்பது அந்த முறையின் வழக்கம்.

பெட்டிக்குள் ஒரு பச்சைத் துணி விரிப்பு, தொழுவம் அமைக்கப் பழுப்பு ஃபெல்ட் நாடாக்கள், தண்ணீருக்கு நீலத் துண்டு, ஆபத்தான இடங்களுக்குக் கறுப்புத் துண்டுகள், ஐந்து ஆடுகள், நல்ல மேய்ப்பன், கூலி மேய்ப்பன், ஓநாய். அவ்வளவுதான். குறைவாக இருப்பதே இதன் பலம். மரம், வீடு, நாய் என்று தச்சர் ஆசையாகச் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். சாமான் கூடினால் பிள்ளைகள் அதை விளையாட்டுக் கடையாகப் பார்ப்பார்கள், கதை கரைந்துபோகும்.

மரத்துக்கு, இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்குத் துண்டுகளே போதும். நன்றாக உலர்ந்து நின்ற மரம் என்பதால் கோணாது. ஆனால் பழைய வார்னிஷை முழுக்க இழைத்தெடுத்து, ஆணி முனை ஏதும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட வேண்டும். ஆடு 5 செ.மீ. உயரம், மேய்ப்பன் 8 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். பட்டறையில் பலகையின் கனத்தை 6 மி.மீ. வரை குறைத்துவிடுவதுண்டு, அப்படிச் செய்தால் ஆடு நிற்காமல் சாயும். 12 மி.மீ. கேளுங்கள், அடிப்பாகத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஆட்டுக்கும் மேய்ப்பனுக்கும் பெயின்ட் வேண்டாம், தேன்மெழுகு தேய்த்தால் போதும். பெட்டியின் தங்கப் பூச்சுக்கு மேல் ஒரு கை வார்னிஷ் அடிக்காவிட்டால் பொடி விரல்களில் ஒட்டிக்கொண்டே வரும்.

ஆட்டின் உருவத்தில் ஒரு மாற்றம் செய்யலாம். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வெட்டினால் சுருள் ரோமம் பொதிந்த ஆடு வரும். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பது ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி: அடர்ந்த ரோமம் இல்லாத, ஒல்லிக் கால் ஆடு. அதையே வெட்டச் சொல்லுங்கள். கண்ட ஆடு கைக்கு வந்தால் பிள்ளைகளுக்குப் பேச்சு தானாக வரும்.

இடம் பற்றி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அழகுதான், ஆனால் அந்தப் பூவேலையின் மேல் ஃபெல்ட் நாடா வைத்தால் கண் அங்கும் இங்கும் ஓடும், துணியும் வழுக்கும். கோரைப்பாயின் வரிகளில் ஆடுகள் விழுந்துகொண்டே இருக்கும். ஒற்றை நிற ஜமுக்காளம் விரிப்பதே நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழுவமே பறந்துவிடும். நம் வெயிலில் அது சிரமம் என்பதால் காலை வேளையே உகந்தது.

எட்டிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு வயதிலிருந்து ஒன்பது வரை. பெரியவர்கள் இருவர்: ஒருவர் கதை சொல்ல, மற்றவர் வாசலில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி உள்ளே அனுப்ப. இந்த வாசல் வேலையை அற்பமாக எண்ணிச் சிலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. "தன்னுடைய ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு" என்ற யோவான் 10:3 கதைக்கு முன்பே வாசலில் நடந்துவிடுகிறது.

கதை பத்து நிமிடம். சொல்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. தன் கைகளையும் ஆடுகளையும் மட்டுமே பார்க்கிறார். அவர் பார்வை போகும் இடத்துக்கே பிள்ளைகளின் பார்வையும் போகிறது. ஆடுகளை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும், அவசரப்படக் கூடாது. அடுத்த பத்துப் பதினைந்து நிமிடம்தான் இந்தப் பெட்டியின் உயிர். "இந்த ஆடுகளுக்குப் பேரு இருக்குமோ?" "இந்த இடத்துல அதுங்களுக்குச் சந்தோஷமா இருக்குமோ?" "உண்மையில இது எந்த இடமா இருக்கும்?" இப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரும் பதிலைப் பாராட்டவும் கூடாது, திருத்தவும் கூடாது. தலையசைத்து ஏற்றுக்கொண்டால் போதும்.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பள்ளிக்கூடப் பழக்கத்தில் குரல் "எங்க, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சைக் குரலாகிவிடும். உடனே பிள்ளைகளும் ஆசிரியர் விரும்பும் பதிலைத் தேடுவார்கள்: "இயேசப்பா", "ஜெபம் பண்ணணும்", "பொய் சொல்லக்கூடாது". எதைக் கேட்டாலும் இந்த மூன்றே வந்தால், கேள்வி கேட்ட விதத்தில் கோளாறு என்று அர்த்தம். இரண்டாவது சறுக்கல் மௌனத்தைத் தாங்க முடியாமல் விளக்கத் தொடங்குவது. ஆடு யார் என்பதைப் பெரியவர் சொல்லவே கூடாது. ஆடு நாம்தான் என்பதைப் பிள்ளைகள் சொல்லித்தராமலே கண்டுகொள்கிறார்கள் என்பது கவல்லெத்தியின் நெடுநாள் கவனிப்பு. முந்திச் சொல்லிவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

கவல்லெத்தி கவனித்த இன்னொன்று: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இழுப்பது, மேய்ப்பன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், காக்கிறார் என்பது. அதற்கு மேற்பட்ட வயதில்தான் வழி தவறியதும் மன்னிப்பும் முன்னுக்கு வருகின்றன. நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் எல்லா வயதுக்கும் தவறிய ஆடுதான். சின்னப் பிள்ளை ஒரே ஆட்டைக் கையில் எடுத்து மறுபடி மறுபடி மேய்ப்பனிடம் கொண்டுபோவதை ஒரு மூப்பரோ தாயோ குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், தன் ஜெபத்தில் எது குறைந்துபோயிற்று என்று அவருக்கே தெரியும். கடமை, வேண்டுதல், கணக்கு எல்லாம் இருக்கும். காக்கப்படுகிற சந்தோஷம் இருக்காது. சீஷர்கள் பெரியவன் யார் என்று கேட்டபோது இயேசு ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தியது மத்தேயு 18-ல். காணாமற்போன ஆட்டின் உவமை வருவதும் அதே அதிகாரத்தில், பத்தே வசனம் தள்ளி. இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழகிவிட்டோம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு லாபமும் உண்டு. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போடுவதைப் பார்த்த பிள்ளை, பழுப்பு நாடாவைக் கண்டதும் "கிடை" என்றுதான் சொல்லும். விட்டுவிடுங்கள். கிடைக்குக் கல்சுவர் கிடையாது, ராத்திரி முழுக்க மந்தையின் தலைமை மேய்ப்பரான கீதாரியும் கூட்டாளிகளும் பக்கத்திலேயே கிடக்கிறார்கள். "நானே ஆடுகளுக்கு வாசல்" என்ற வசனத்துக்கு இதைவிட நல்ல விரிவுரை வேண்டியதில்லை.

பிறகு இருபது நிமிடம் அவரவர் விரும்பிய வேலை: களிமண், கிரேயான், அல்லது பெட்டியையே மறுபடி எடுத்து விரிப்பது. ஆட்டுப்படம் அச்சடித்த தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதைத் தவிருங்கள். எல்லாரும் ஒரே ஆட்டைத் தீட்டினால், அவரவர் மனதில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். கடைசியில் சிறு ஜெபம், ஆளுக்கொரு தேன்குழல். பலகாரத்தை முன்னால் கொடுத்தால் எண்ணெய்க் கை பட்டு ஃபெல்ட் கறையாகும், கறை போகாது.

பெட்டியை அலமாரியில் பூட்டி வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டில் வையுங்கள். களிமண், கிரேயான் வைக்க செட்டிநாட்டு ஓலைக் கொட்டான்கள் அழகாகப் பொருந்தும். ஆடு ஒன்று தொலைந்தால் உடனே செய்வித்து வைத்துவிடுங்கள், நான்கு ஆடுகளோடு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. செய்விக்கும்போதே இரண்டு ஆடு கூடுதலாக வெட்டி வாங்குவது மேல்.

வீட்டு ஜெபத்துக்கும் சிறு சபைக்கும் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். நூறு பிள்ளைகள் கூடும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இது ஆகாது. பின்வரிசைக்கு ஆடே தெரியாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கும்போது மட்டும் பெட்டியை எடுங்கள், நாடாவும் ஆடும் நேராக வாய்க்குத்தான் போகும்.