கை ஸ்கேலரும் கியூரெட்டும்: நீண்ட காலப் பாவனையின் பின்

பல்லில் படியும் காரையைச் சுரண்டி எடுக்கும் (ஸ்கேலிங்) கைக்கருவிகளைப் பத்துப் பன்னிரண்டு உருப்படி அடங்கிய செட்டாக மொத்தமாக வாங்குவது காசை வீணாக்கும் வேலை. நாலைந்து வருடம் பாவித்த செட் ஒன்றைத் திறந்து பாருங்கள். மூன்று நாலு அலகுகள் (சுரண்டும் முனைகள்) தேய்ந்து ஊசியாகியிருக்கும்; மிச்சமெல்லாம் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே மினுங்கும்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கக் கிளினிக் ஒன்றில் ஒரு ட்ரேக்கு இவ்வளவும் காணும்: முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையின் ஆழம் பார்க்க அளவு பொறித்த புரோப், காரையைத் தடவிக் கண்டுபிடிக்க எக்ஸ்ப்ளோரர், முன்பல்லுக்கு எச்6/எச்7 சிக்கிள், கடைவாய்க்கு 204எஸ் சிக்கிள், எல்லாப் பல்லுக்கும் பொதுவான கொலம்பியா 13/14 யூனிவர்சல் கியூரெட், குறிப்பிட்ட பற்பக்கங்களுக்கென்றே வளைத்த கிரேசி கியூரெட் 5/6, 11/12, 13/14. பதினாறு வகையில் ஒவ்வொன்று வைத்திருப்பதைவிட இதையே நாலு ட்ரேயாக வைத்திருப்பது நல்லது. ஒன்று ஓட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் பெட்டியில்) கிடக்கும்போது அடுத்தது கைக்கு வரும்.

சிக்கிளின் அலகு முக்கோண வெட்டுமுகம் கொண்டது, நுனி கூர். முரசுக்கு மேலே தெரியும் காரைக்குத்தான் அது. அதையே முரசுக்குள் ஆழமாக இறக்கினால் நுனி வேரைக் கீறும், முதுகு சதையைக் கிழிக்கும். கியூரெட்டுக்கு முதுகும் நுனியும் உருண்டை. உள்ளே இறங்கும் வேலை அதனுடையது.

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது கிரேசியில்தான். கீழ்க்கழுத்தை, அதாவது கழுத்தில் அலகை ஒட்டிய பகுதியை, தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து, நுனிப்பக்கமிருந்து அலகைப் பாருங்கள். இரண்டு விளிம்புக்கும் நடுவிலுள்ள பரப்புத்தான் முகம்; அது மட்டமாக நின்றால் யூனிவர்சல். இரண்டு விளிம்பும் வெட்டும். ஒரு பக்கம் சரிந்திருந்தால் கிரேசி. கழுத்தோடு 70 பாகை. சரிந்து தாழ்ந்த விளிம்பு மட்டுமே வெட்டும். 11/12 கடைவாய்ப்பல்லின் முன்புறத்துக்கு, 13/14 பின்புறத்துக்கு. சுரண்டும் பக்கத்துக்குக் கீழ்க்கழுத்து சமாந்தரமாக வந்துவிட்டால் அலகின் முகத்துக்கும் பல்லுக்கும் இடையிலான கோணம் தானாகச் சரியாகும். 45 பாகைக்குக் குறைந்தால் அலகு காரையின் மேல் வழுக்கும். 90 ஐத் தாண்டினால் சதையில் பிடிக்கும்.

களுதாவளை வெற்றிலை வாய்க்கு வாய் போகும் ஊர்கள் இவை. வெற்றிலையும் சுண்ணாம்பும் நாளாந்தம் போடுபவரின் கீழ் முன்பற்களின் உட்புறத்தில், நாக்கடி உமிழ்நீர் வந்து விழும் இடத்தில், காரை பழுப்புக் கறுப்பாகப் பாலம் கட்டி நிற்கும். மேலிருந்து சீவிச் சீவிக் கரைக்கப் பார்த்தால் அது குறையாது, வழவழப்பாகும். பிறகு எக்ஸ்ப்ளோரர்கூட அதைப் பல் என்றே சொல்லும். விளிம்பைக் காரையின் அடியில், பக்கவாட்டில் மாட்டி, 2 முதல் 3 மில்லிமீற்றர் நீளத்தில் குறுகிய இழுப்பாகத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் உறுதியாக ஊன்றியிருக்கட்டும். பலம் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். விரலை மட்டும் மடக்கி இழுத்தால் மூன்றாவது நோயாளியிலேயே கை ஓய்ந்துவிடும்.

வழவழப்பான காரைக்குப் பெரும்பாலான நேரம் காரணம் மொட்டை அலகு. கை நோகிறது, நோயாளி நெளிகிறார், முரசு அளவுக்கு மீறிக் கசிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதையே. வெளிச்சத்தின் கீழ் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: கூர் விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, மொட்டையான விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாக மினுங்கும். அக்ரிலிக் சோதனைக் குச்சியில் வைத்தால் கூரானது கடித்துப் பிடிக்கும், மற்றது வழுக்கும்.

தீட்டும்போது அலகின் முகம் தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். மணிக்கூட்டை மனதில் வையுங்கள். யூனிவர்சலின் கீழ்க்கழுத்து 12 மணியில், கிரேசியினது 11 மணியில். கல்லை 12 இல் நிறுத்தி, 1 மணிப் பக்கம் சற்றுச் சாய்த்தால், முகத்துக்கும் கல்லுக்கும் இடையில் 100 முதல் 110 பாகை கிடைக்கும்; அலகின் உட்கோணம் 70 முதல் 80 ஆகவே நிற்கும். கல்லைக் கூடச் சாய்த்தால் விளிம்பு மெலிந்து சீக்கிரம் மழுங்கும். போதாவிட்டால் விளிம்பு தடித்து, அழுத்திச் சுரண்ட வேண்டி வரும். குதியிலிருந்து (அலகு கழுத்தோடு சேரும் இடத்திலிருந்து) நுனி நோக்கி, நுனியின் வளைவையும் சுற்றி, சிறு சிறு இழுப்பாகப் போங்கள். கடைசி இழுப்பு கீழ்நோக்கி முடியட்டும். இல்லாவிட்டால் விளிம்பில் பிசிறு நிற்கும். ஆர்கன்சாஸ் கல்லுக்கு எண்ணெய், செராமிக் கல்லுக்குத் தண்ணீர். கிருமி நீக்கிய கருவியைத்தான் தீட்ட வேண்டும். தீட்டியபின் மறுபடி ஓட்டோகிளேவ். மேற்பூச்சுப் பூசிய 'தீட்டத் தேவையில்லை' வகை அலகுகளில் கல்லை வைக்காதீர்கள், பூச்சுப் போய்விடும்.

இந்தக் கரையில் கருவியைத் தின்னும் இன்னொன்று தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் வெட்டிய கிணறுகள் பலவற்றில் உப்பு உண்டு. அந்தத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு கிருமிநீக்கப் பையில் போட்டால், துருப்பிடிக்காத எஃகு என்று வாங்கியதிலும் கழுத்து மூட்டில் பழுப்புப் புள்ளி விழும். புள்ளி நாளடைவில் குழியாகும். கடைசி அலசலும் ஓட்டோகிளேவில் ஊற்றுவதும் காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்கட்டும். துடைத்துக் காயவிட்டுப் பையில் இடுங்கள். குளோரின் கரைசலில் ஊறப்போடுவது வேண்டவே வேண்டாம். கார்பன் எஃகு கூர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இந்தக் காற்றில் அதைப் பேணுவது பெரும்பாடு.

கைப்பிடி 10 மில்லிமீற்றர் அளவு தடிப்பாய், உள்ளே பொள்ளலாய், 15 கிராமுக்குள் இருப்பது நல்லது. பென்சில் மொத்தத்துக்கு மெலிந்த பழைய பிடிகள் விரலை இறுக்கவைக்கும். மலிவான கருவி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். வாங்கும்போது ஜோடியின் இரண்டு முனையும் கண்ணாடி பிம்பம்போல் ஒத்திருக்கிறதா, கழுத்து வளைகிறதா என்று பாருங்கள். எச்6/எச்7 மலிவானதாக இருந்தாலும் காலம் தள்ளலாம், கிரேசியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தீட்டித் தீட்டி மெலிந்த அலகைப் புதியதன் அருகில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அதை வைத்திருக்காதீர்கள், ஒரு நாள் நுனி முரசுப் பைக்குள்ளேயே முறியும். முறிந்தால் நோயாளியைக் கொப்பளிக்க விடாமல், நிமிர்த்தாமல், வேலையை அதே இடத்தில் நிறுத்தி, பஞ்சுத் துணியால் அந்த இடத்தை அடைத்துத் தேடுங்கள். பைக்குள் இருந்தால் கியூரெட்டால் மெதுவாக மேலே வழித்தெடுக்கலாம். அகப்படாவிட்டால் அந்தப் பல்லுக்கு எக்ஸ்ரே. அதிலும் இல்லையென்றால் விழுங்கியிருக்கலாம் அல்லது சுவாசக் குழாய்க்குள் போயிருக்கலாம் என்று எடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.