போகத் தெரிகிறது, திரும்பத் தெரியவில்லை: லீஸ்டு லைனுக்கு விபிஎன் பேக்கப், மூன்று வருட அனுபவம்

கரூரில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மாப்ள, உங்க கம்பெனில லீஸ்டு லைன் போச்சுன்னா தானா விபிஎன்னுக்கு மாறுற மாதிரி வச்சிருக்கியே, ஒழுங்கா மாறுதா? நாங்களும் போடலாமா?" லீஸ்டு லைன் என்றால் நமக்கு மட்டும் என்று வாடகைக்கு வாங்கும் தனி இணைப்பு; விபிஎன் என்றால் பொது இன்டர்நெட் வழியாகவே போடும் பூட்டிய பாதை. போனில் பதில் சொல்ல வரவில்லை. அன்றைக்குத்தான் ஃபைபரைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள், எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். கம்பெனி வேலை முழுவதையும் நடத்தும் ஈஆர்பி சாஃப்ட்வேர் மும்பையில் ஒரு கிளவுடில் ஓடுகிறது. அதற்கு 50 எம்பிபிஎஸ் தனி லிங்க், அதுதான் லீஸ்டு லைன். பேக்கப்பாக வேறொரு கம்பெனியின் சாதாரண பிராட்பேண்ட், அதன்மேல் ஐபிசெக் டன்னல், அதுதான் விபிஎன். இரண்டிலும் பிஜிபி, அதாவது எந்த வழியில் போகலாம் என்று இரு முனை ரூட்டர்களும் பேசிக்கொள்ளும் முறை. லீஸ்டு லைன் ரோட்டுக்கு அடியில் வருகிறது, பிராட்பேண்ட் பின்தெருக் கம்பங்கள் வழியாக வருகிறது. இதை மட்டும் கறாராகக் கேட்டு வாங்கினேன். இரண்டும் ஒரே பள்ளத்தில் வந்தால் பேக்கப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிஜமாகவே நல்லது. ஆரம்பத்தில் மாறுவதற்கு 90 விநாடி ஆனது. பிஜிபியின் ஹோல்டு டைம் (மறுமுனை பேசாவிட்டால் செத்தது என்று முடிவு செய்யக் காத்திருக்கும் நேரம்) இரு முனைகளும் சொல்வதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளும், எங்களுக்கு அது 90. ஒன்றரை நிமிடம் ஸ்கேனர் நின்றால் பேக்கிங் ஹாலில் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதிக்கும் பிஎஃப்டி போட்டேன். 300 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட் (சிறு டேட்டாத் துண்டு), தொடர்ந்து மூன்று வரவில்லை என்றால் லிங்க் செத்தது என்று கணக்கு. ஒரு விநாடிக்குள் வேலை முடிந்துவிடும்.

முதல் முறை மாறியபோது லாகின் ஆனது, பிங் போனது, ஆனால் பெரிய இன்வாய்ஸ் பிடிஎஃப் மட்டும் பாதியில் நின்றது. ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் ஹெடரைச் சேர்ப்பதால் உள்ளே டேட்டாவுக்கு இடம் குறைகிறது. டன்னலில் எம்எஸ்எஸ்-ஐ, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டாவின் உச்ச அளவை, 1360 பைட் ஆக்கியதும் சரியானது. அப்புறம் ஒரு நாள் சாக்கடை வேலைக்குத் தோண்டியதில் ஃபைபர் துண்டாகப் போனது. காலை பத்தரை மணி. கம்பெனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே அலர்ட் மெயில் வந்துதான் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது இருந்த நிம்மதியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை ஃபைபர் துண்டாகவில்லை. அரைகுறையாகக் கெட்டது.

காலை பதினொரு மணி வாக்கில் பேக்கிங் ஹாலில் கார்ட்டன் ஸ்கேன் செய்யும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, சுத்திட்டே இருக்குதுங்க." போய்ப் பார்த்தால் நன்றாக ஓடியது. திரும்பி என் சீட்டுக்கு வருவதற்குள் மறுபடி போன். மாலை ஆறு மணிக்கு வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், ஸ்கேன் முடியாமல் பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியாது.

லாக்கைப் பார்த்ததும்தான் புரிந்தது. லீஸ்டு லைனில் 8 சதவீதம் பாக்கெட் தொலைந்துகொண்டிருந்தது. அந்த அளவு தொலைந்தால் ஈஆர்பி தவழும், ஆனால் லிங்க் சாகாது. பிஎஃப்டி விழ வேண்டுமென்றால் அடுத்தடுத்து மூன்று தொலைய வேண்டும். 0.08-ஐ மூன்று முறை பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டாயிரத்தில் ஒன்று. விநாடிக்கு மூன்று பாக்கெட் போகிறது என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விழும். அப்படியேதான் விழுந்திருந்தது. விழுந்தவுடன் விபிஎன்னுக்கு மாறும், எல்லாம் அருமையாக ஓடும். அரை நிமிடத்தில் பிஜிபி மறுபடி எழுந்து, அத்தனை டிராஃபிக்கையும் கெட்டுப்போன லைனுக்கே இழுத்துக்கொண்டு போகும். மூன்றரை மணி நேரத்தில் பதினேழு முறை! பேக்கப் பக்கத்திலேயே ஆரோக்கியமாக நிற்கிறது, அதை அரை நிமிடத்துக்கு மேல் பயன்படுத்த விடவில்லை.

லைன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் "லிங்க் அப்லதான் இருக்கு சார்" என்கிறார்கள். அதுவும் உண்மைதான், அதுதான் எரிச்சல்.

எங்கள் ரூட்டரில் மட்டும் லோக்கல் பிரிஃபரன்ஸை (நாங்கள் அனுப்புவதற்கு எந்த வழி முதலில் என்ற மதிப்பு) மாற்றிப் பார்த்தேன். நாங்கள் அனுப்புவது விபிஎன் வழியாகப் போனது, மும்பையிலிருந்து வருவது பழைய லைனிலேயே வந்தது. ஒரே ரூட் இரண்டு வழியிலும் வந்தால் எங்கள் கிளவுட் தனி லிங்கைத்தான் எடுக்கும், ஏஎஸ் பாத்தை நீட்டி அந்த வழி தூரம் என்று எவ்வளவு காட்டினாலும் கேட்காது. கடைசியில் லீஸ்டு லைன் பக்கத்துப் பிஜிபி நெய்பரை, அதாவது மறுமுனை ரூட்டருடனான பேச்சை, கையால் ஷட் செய்தேன். இரண்டு திசையும் ஒரே நேரத்தில் மாறின. இரண்டே முக்காலுக்கு அக்கா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வண்டி ஏழு மணிக்குக் கிளம்பியது.

இப்போது ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை விழுந்தால் அதுவே நெய்பரை ஷட் செய்துவிடும். திறப்பது நான், ஷிஃப்ட் முடிந்த பிறகு, லைனில் அரை மணி நேரம் பிங் விட்டுப் பார்த்த பிறகு. மூன்று வருடத்துக்கு முன்னால் இதைப் போட்டுக் கொடுத்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே நடந்திருக்காது. மாறும் வேகத்தை மட்டும் டெமோ காட்டினார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன்.

மூன்று வருடத்தில் சுத்தமாக அறுந்தபோதெல்லாம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கூட்டிக் கழித்தால் நல்ல மார்க்தான் வரும். நண்பனிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். "அப்ப போட்டுரட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்றேன். லீஸ்டு லைனுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு பிராட்பேண்டை வேறு வேறு வழியாக இழுத்து, பாக்கெட் இழப்பை அளந்து வழி மாற்றும் பெட்டி ஒன்றை நடுவில் வை என்றேன். எங்கள் லைன் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இன்று கையெழுத்துக் கேட்டு வந்தால் போட மாட்டேன்.