கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா: ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை எங்கே பார்ப்பது?

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் மனிதருக்குப் பழகித் திரியும் புள்ளிமான்களின் நடத்தையை ஆராய விரும்பும் மாணவர், தமக்கு வழிகாட்டக்கூடியவரின் ஆய்வுப் பணியை அறிய நாடுவது பெரும்பாலும் கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் ஆகிய இரு இணையத் தளங்களைத்தான். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் தம் எழுத்துகளில் எத்தனை முறை சுட்டியுள்ளனர் என்ற மேற்கோள் எண்ணிக்கையை இவை காட்டுகின்றன. இரண்டும் 2004இல் தொடங்கியவை என்றாலும், ஒரே ஆய்வாளருக்கு இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது.

கூகுள் ஸ்காலர் இலவசமானது. ஆய்வேடுகள், நூல்கள், மாநாட்டுக் கட்டுரைகள் ஆகியவற்றிலுள்ள மேற்கோள்களையும் சேர்ப்பதால் அதன் எண்ணிக்கை பொதுவாக உயர்ந்தே நிற்கும். நூல்களுக்கு முக்கியத்துவமுள்ள துறைகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஒரே கட்டுரை இருமுறை பதிவாவதும், பெயரொத்த வேறொருவரின் கட்டுரை கலந்துவிடுவதும் உண்டு. தந்தை பெயரையே தலைப்பெழுத்தாகக் கொண்ட நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு.

ஸ்கோபஸ் தேர்ந்தெடுத்த வெளியீடுகளையே கணக்கில் எடுத்து, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனி அடையாள எண்ணை வழங்குவதால் ஒழுங்கானது. அதன் முழுப் பயன்பாட்டுக்குச் சந்தா வேண்டும். உள்ளூர் ஆய்விதழ்கள் பலவும் அதில் இடம்பெறுவதில்லை.

இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண்ணை இரண்டுமே தருகின்றன. அது 12 என்றால், தலா குறைந்தது 12 மேற்கோள்களைப் பெற்ற கட்டுரைகள் 12 உள்ளன என்று பொருள். வயதேறினாலும் குறையாத இந்த எண், இளம் ஆய்வாளருக்குப் பாதகமானது.

உள்ளூர்ப் பணியின் வீச்சை அறிய கூகுள் ஸ்காலரையும், இருவரை ஒப்பிட ஸ்கோபஸையும் நான் தேர்வேன். அப்போதும் ஒப்பிடப்படுவோர் ஒரே துறையினராக இருக்க வேண்டும்.