அவசர நேரத்தில் எதை நம்பலாம்? செல் எச்சரிக்கை, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், வானொலி

வெள்ளமோ நிலநடுக்கமோ, எல்லோரும் முதலில் செய்வது வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பார்ப்பதுதான். முதலில் முடங்குவதும் அதுதான். 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தின்போது, நெரிசல் தாங்காமல் செல்பேசி நிறுவனங்கள் பேச்சு அழைப்புகளில் 70 முதல் 95 சதவீதம் வரை தடுத்து வைத்தன. டேட்டாவுக்கு அதிகபட்சக் கட்டுப்பாடு 30 சதவீதம்தான். ஆகவே ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற உதவி எண்களுக்கு மட்டும் பேசுங்கள். நலம் விசாரிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

ஆபத்து வரும் முன்பே தட்டி எழுப்புவதில் செல் எச்சரிக்கையை, அதாவது செல் பிராட்காஸ்டை மிஞ்ச எதுவும் இல்லை. டவர் தன் எல்லைக்குள் இருக்கும் ஃபோன்களுக்கெல்லாம் எச்சரிக்கைச் செய்தியை ஒரே வீச்சில் அனுப்புகிறது. யார் எண்ணும் தேவையில்லை, நெரிசலும் பாதிக்காது. எச்சரிக்கைச் செயலிகள் இதற்கு ஈடாகாது, அவற்றை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டுமே! ஜெர்மனியில் அப்படிப்பட்ட செயலிகள் இருந்தும், 2021 ஜூலை வெள்ளத்தில் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். செல் பிராட்காஸ்ட் அங்கே நடைமுறைக்கு வந்தது 2023 பிப்ரவரியில்தான்.

ஆனால் இது ஒருவழிப் பாதை, திருப்பிக் கேட்க முடியாது. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை போனது. அது தவறு என்று ஃபோன்களுக்கு மறுப்பு வர 38 நிமிடம் ஆனது. மறுப்புச் செய்தி முன்பே தயாராக இல்லாததும் ஒரு காரணம். அந்த 38 நிமிடத்தை நினைத்தாலே பதறுகிறது.

அடுத்து, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்வது. இங்கே என் ஓட்டு பழைய எஸ்எம்எஸ்ஸுக்கு. சிக்னல் வந்து வந்து போனாலும், கிடைத்த ஒரு நொடியில் போய்விடும். எதிர்முனையில் ஃபோன் அணைந்திருந்தால் செய்தி செல்பேசி நிறுவனத்தின் மையத்தில் காத்திருக்கும், மையம் மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். 'அம்மா' என்பதற்கே 5 போய்விடும். நீளமாக எழுதினால் துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு வராவிட்டால் செய்தியே குழம்பும். எங்கே இருக்கிறோம், எப்படி இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம். இவ்வளவு போதும்.

வாட்ஸ்அப்புக்கு டேட்டா வேண்டும். ஆனால் மொட்டைமாடியில் சிக்கியவர் இருக்கும் இடத்தை வரைபடப் புள்ளியாகவே அனுப்ப முடிகிறதே, அந்த வசதி எஸ்எம்எஸ்ஸில் அத்தனை எளிதல்ல. மீட்புக் குழுவுக்கு அது பெரிய உதவி. ஃபார்வர்டுதான் ஆபத்து. தேதி இல்லாத 'உடனே உதவி தேவை' செய்தி, உதவி கேட்டவர்களை மீட்ட பிறகும் நாள்கணக்கில் சுற்றும். படகு ஆளில்லாத வீட்டுக்குப் போகும், ஆள் இருக்கும் வீடு காத்திருக்கும். தேதியும் நேரமும் இல்லாத எதையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். மீட்டுவிட்டால் அதையும் அதே குழுவில் போடுங்கள்.

சரி, டவரே விழுந்துவிட்டால்? 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் சுமார் 95 சதவீத செல் தளங்கள் செயலிழந்தன. மேலே சொன்ன எதுவும் அங்கே பயன்படாது. அந்த நாட்களில் மக்களுக்குத் தகவல் தந்தது வானொலி. தொலைவில் நிற்கும் ஒரே ஒலிபரப்பி பெரிய பரப்புக்குப் போதும், கேட்க இரண்டு பேட்டரி போதும். ஆர்வலர்கள் சொந்த வானொலிக் கருவிகளில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவும் உண்டு. 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி கடத்தியவர்களில் ஹாம் ஆர்வலர்களும் இருந்தார்கள். ஆனால் அதற்கு உரிமமும் பயிற்சியும் தேவை, எல்லோருக்கும் ஆகாது.

'என் ஃபோனிலேயே எஃப்எம் இருக்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். புதிய ஃபோன்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. இருக்கும் ஃபோன்களிலும் பெரும்பாலும் ஹெட்ஃபோன் வயர்தான் ஆன்டெனா, புளூடூத் இயர்பட்ஸ் அதற்கு உதவாது. தனி டிரான்சிஸ்டர் ஒன்றும் மாற்றுப் பேட்டரிகளும் வாங்கி வையுங்கள்.