கதையைத் தாண்டிவிடுகிறேன் என்று 4,500 ரூபாயைச் சுருட்டியவன்: கேம் ஆடுகிறவர்கள் கவனிக்கவும்

4,500 ரூபாய் போச்சு. அதோடு தீபாவளி போனஸில் வாங்கிப் போட்ட காஸ்ட்யூம்களுடன் என் அக்கவுண்டும் போச்சு. வயிறு எரிகிற சூட்டிலேயே எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடுவது ஓர் ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரை வளர்த்துக் கதையோடு போகிற கேம். பிரதானக் கதையை முழுசாக முடித்தால்தான் ரெய்டு, அதாவது பசங்க கூட்டாகச் சேர்ந்து பெரிய எதிரியை அடிக்கிற ஆட்டம், திறக்கும். வசனத்தைத் தட்டித் தட்டி ஓட்டினாலும் ஊர் ஊராக நடந்தே ஆக வேண்டும். எனக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ். வீடு வந்து சாப்பிட்டுப் போனை எடுத்தால் பசங்க எல்லாம் ரெய்டில் இருப்பார்கள், நான் மட்டும் எவளோ ஒரு கிழவியின் தொலைந்த ஆட்டைத் தேடிக்கொண்டிருப்பேன்.

காசு கொடுத்துக் கதையைத் தாண்டுவது ஒன்றும் திருட்டு வேலை இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 14 என்கிற ஆன்லைன் கேமில் 2017 முதல் கம்பெனியே தன் கடையில் அதை விற்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்கிற இன்னொரு கேமில் 2014-லேயே 60 டாலருக்கு நேராக லெவல் 90 கொடுத்தார்கள். என் கேமில் அந்த வசதி இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த ஆட்கள் கடை போடுகிறார்கள்.

ஒரு மெசேஜ் ஆப் சேனலில் விளம்பரம் பார்த்தேன். ‘முழுக் கதையும் ஒரே நாளில் கிளியர், 4,500 மட்டும்’. விசாரித்தால் வாய்ஸ் நோட் வருகிறது: “நீங்க எந்த ஊருங்கண்ணா? கிருஷ்ணகிரியா! நான் பாலக்கோடுண்ணா, சக்கரை ஆலை பக்கம். நம்ம ஊர் ஆளுகிட்ட காசு பாப்பனாண்ணா?” பின்னால் தக்காளி மண்டியில் ஏலம் விடுகிற சத்தம்கூடக் கேட்டது. பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது. முன்பணம் 2,000 போதும் என்றதும் மீதியும் வந்துவிட்டது. கியூஆர் ஸ்கேன் செய்தால் திரையில் யாரோ ஒரு பெண்ணின் பெயர். “அக்கா அக்கவுண்ட்டுண்ணா, என்னோடது லிமிட் முடிஞ்சிருச்சு.” சரி என்று அனுப்பினேன். பாஸ்வேர்டு கேட்டான், ஓடிபி கேட்டான். உள்ளே போகாமல் எப்படிக் கதையை முடிப்பான்? கொடுத்தேன். அன்று சாயங்காலமே மூன்று அத்தியாயம் முடிந்த ஸ்கிரீன்ஷாட், என் கேரக்டர் பெயரோடு. மீதி 2,500-ஐயும் போட்டேன்.

அதுவரைக்கும்தான் நான் அவனுக்கு “அண்ணா”. அடுத்த நாள் கேட்டால் “சர்வர் மெயின்டனன்ஸ் சார்”. அப்புறம் “வேலை பார்க்கிற பையனுக்குக் காய்ச்சல் சார்”. அதற்கும் அப்புறம் “உங்க ஐடி லாக் ஆயிடுச்சு, 1,500 கட்டுனா ரெக்கவரி பண்ணித் தரேன்”. 4,500-ஐ வாங்கிக்கொண்டு மேலும் 1,500! எங்கள் ஊர்க்காரனாம். திட்டி எழுதினேன், பிளாக் செய்துவிட்டான். உள்ளே நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டும் மாறியிருக்கிறது, ஈமெயிலும் மாறியிருக்கிறது.

கேம் கம்பெனிக்கு எழுதினால், லாகின் விவரத்தைப் பிறருக்குக் கொடுப்பது விதிமீறல் என்று ஒரு பதில். அதே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். வங்கியிலோ, “நீங்களே அனுப்பின பணம்தானே சார்” என்று முடித்துவிட்டார்கள். பாலக்கோட்டில் தெரிந்தவர்களிடம் அவன் குரலைப் போட்டுக் காட்டினேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மண்டிச் சத்தம்கூட எங்காவது எடுத்து ஒட்டியதோ என்னவோ.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக: கதையைத் தாண்டுகிற ஸ்கிப்பைக் கம்பெனியே விற்கிறது என்றால் அவர்கள் கடையில் வாங்குவதோடு சரி, எவனும் பாஸ்வேர்டு கேட்க மாட்டான். ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கியூஆரில் வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், பணம் அனுப்பியதற்கு வருகிற யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் போடலாம், நான் போட்டிருக்கிறேன்.

அந்தச் சேனல் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. மாதிரிக்கு என் கேரக்டரின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் போட்டிருக்கிறான். நீல அங்கி, முதுகில் இரட்டை வாள். அதைக் காட்டி யாராவது பேரம் பேசினால் ஒரு பைசா அனுப்பாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.