மடிப்பாக்கம் வீட்டுக் கொல்லையில் மரத்தளம்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டின் பின்புறம் மரத்தளம் அமைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மரம் வாங்கலாம், என்ன விலை ஆகும் என்பதைத்தான். 2017-ஆம் ஆண்டுக் கோடையில் நானும் என் மனைவியும் எங்கள் கையாலேயே கட்டிய 12-க்கு 10 அடித் தளத்தை இன்றுவரை அன்றாடம் புழங்கிவருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சென்னையில் ஒரு மரத்தளத்தின் ஆயுள் மேலே பளபளக்கும் பலகையைவிட, அதன் அடியில் மழைநீர் எவ்வளவு விரைவாக வடிகிறது, காற்று எவ்வளவு தாராளமாக ஓடுகிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும் ஊர் இது. அந்த இரண்டு மாதங்களில் நனைந்த மரம் எத்தனை நாளில் உலர்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல் எவ்வளவு உயர்ந்த மரம் வாங்கினாலும் பயன் குறைவுதான்.

எங்கள் கொல்லையில் நின்ற மாமரம் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயலில் வேரோடு சாய்ந்தது. அதன்பின் வெறுமையாகக் கிடந்த இடத்தில் சிமென்ட் தரை போடலாம் என்று வீட்டில் பலரும் சொன்னார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று கிணற்றோரம் சேகரிப்புக் குழி வெட்டிவிட்டு, மீதி நிலத்தை சிமென்டால் மூடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பலகைகளுக்கு இடையே வெளிச்சம் தெரியும்படி அமைத்த மரத்தளம் மேலே விழும் நீரை அப்படியே மண்ணுக்குக் கொடுத்துவிடும் என்பதால் அதைத் தேர்ந்தோம்.

டெக் எனப்படும் இந்த அமைப்பு வட அமெரிக்க வீடுகளில் பரவலானது. அங்குள்ள முறைகளைப் படித்துப் பார்த்தால் சில நமக்கு அப்படியே பொருந்தும், சில பொருந்தா. பைன் மரத்தில் பாதுகாப்பு ரசாயனத்தை அழுத்தி ஏற்றிப் பயன்படுத்துவது அங்கே வழக்கம். ஆர்செனிக் கலந்த பழைய ரசாயனத்தை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் மண் உறைந்து விரிந்து அடித்தளத்தை மேலே தள்ளும் என்பதற்காக, உறையும் ஆழத்துக்கும் கீழே குழி எடுக்கிறார்கள். சென்னையில் மண் உறைவதில்லை என்றாலும், எங்கள் பகுதியின் களிமண் மழையில் ஊதிக் கோடையில் வெடித்துச் சுருங்குகிறது. தூண் அசைவதற்கு அதுவும் போதிய காரணம்தான். ஆகவே 3 அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் ஜல்லி இட்டுத் திமிசு போட்டு இறுக்கி, 12 மில்லிமீட்டர் கம்பி வைத்து சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் ஒன்பது கான்கிரீட் பீடங்கள் எழுப்பினோம். வரிசைக்கு மூன்றாக நூல் பிடித்து, டியூப் லெவல் எனப்படும் தண்ணீர்க் குழாயை வைத்து எல்லாப் பீடங்களின் தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்பட்டது. ரசமட்டம் குறுகிய நீளத்துக்கு மட்டுமே நம்பகமானது. 12 அடித் தொலைவுக்குத் தண்ணீர் நிரப்பிய குழாய்க்கு ஈடாக வேறு எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

அமெரிக்க முறையில் தளத்தின் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரில் போல்ட் அடித்துத் தாங்க வைப்பார்கள். அதைத் தவிர்க்கும்படியே எல்லோருக்கும் சொல்வேன். சுவரோடு மரம் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கும், கறையான் வீட்டுக்குள் ஏற வழி கிடைக்கும், சுவரும் தளமும் வெவ்வேறு அளவில் அசையும்போது இணைப்பு தளரும். எங்கள் தளம் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலகித் தனித்து நிற்கிறது. அந்த இடைவெளியில் ஒரு துடைப்பக் குச்சியை விட்டுச் சருகுகளைத் தள்ளிவிட முடிகிறது. அதுவே போதுமானது.

பாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, வீட்டு பால்கனிகளுக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ பாரம் தாங்கும் வலிமை வேண்டும் என்கிறது. பால்கனிக்கு உரியதை நானே இந்தத் தளத்துக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். 12-க்கு 10 அடி என்றால் மொத்தம் ஏறத்தாழ 3.4 டன். விசேஷ நாளில் உறவினர் அனைவரும் ஒரே பக்கம் கூடி நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள வீடுகளில் இதை மிகையான எண்ணிக்கை என்று ஒதுக்கக் கூடாது. 5-க்கு 3 அங்குல உத்திரங்கள் மூன்று, அவற்றின் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 4-க்கு 2 சட்டங்கள், அதன் மேல் ஓர் அங்குலப் பலகை என்று அமைத்தோம். எட்டு ஆண்டுகளில் நடக்கும்போது எந்த இடத்திலும் பலகை துள்ளியதில்லை.

மரத்தைப் பொறுத்தவரை, உத்திரமும் சட்டமும் வேங்கை. பலகைகள் பழைய தேக்கு. வேங்கையை சைடன்ஹாம்ஸ் சாலை மரக்கடைகளில் அலைந்து வாங்கினோம். பலகைக்கு, இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு உத்திரங்களை வாங்கி அறுவை மில்லில் கொடுத்து அறுத்துக்கொண்டோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மரத்துக்கே போயிற்று. பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகே மில்லுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாள் உடைந்தால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும். எங்கள் தெருவில் வசிக்கும் வயதான ஆசாரி ஒருவர் அறுத்து வந்த பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, வைரம் பாஞ்ச பக்கத்தைக் கறையான் தொடாது, இந்த வெளிறு இருக்கு பாருங்க, இதைத்தான் முதல்ல தின்னும். ஓரத்தைச் செதுக்கித் தள்ளிடுங்க" என்றார். வைரம் பாய்ந்த நடுமரத்தின் கருமைக்கும் ஓரத்து வெளிற்றின் வெளுப்புக்கும் இடையிலான கோடு தேக்கில் தெளிவாகத் தெரியும். அவர் சொன்னபடி வெளிறு முழுவதையும் இழைத்து நீக்கியதால் பலகைகளின் அகலம் ஒரே சீராக அமையவில்லை. அந்தச் சீரின்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தப் பலகைகளில் ஒன்றைக்கூடக் கறையான் தீண்டவில்லை.

வேங்கையில் ஒரு குணத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அதன் சாயம் நீரில் கரையும். முதல் மழைக்காலத்தில் சட்டங்களிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் நீர் வழிந்து பீடங்களில் கறை படிந்தது. மறு ஆண்டிலிருந்து குறைந்துவிட்டது. பக்கத்தில் வெள்ளை டைல்ஸ் இருந்தால் மழைக்கு முன்பே மறைத்துவையுங்கள்.

திருகாணி விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தேக்கில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சாதாரண இரும்போடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் படியும். மெல்லிய துத்தநாகப் பூச்சுத் திருகாணிகள் கடற்காற்றில் விரைவிலேயே துருப்பிடிக்கும். நாங்கள் முழுவதும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்தினோம். கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் கடலை ஒட்டி வசிப்பவர்கள் மாலிப்டினம் கலந்த 316 ரகத்தையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துருப்பிடிக்காத எஃகு வேங்கைபோன்ற கடினமான மரத்தில் ஏறும்போது எளிதில் முறியும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் முன்னதாக டிரில்லால் துளையிட்டு, திருகாணியின் மரையில் மெழுகுவத்தியை ஒருமுறை தேய்த்துக்கொண்டு இறக்கினோம். தலை பலகையோடு சமமாக நிற்கும் அளவே இறக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அந்தக் குழியில் நீர் தேங்கி மரம் அங்கிருந்தே உளுக்கத் தொடங்கும்.

எங்கள் தளத்துக்கு மிகுந்த நன்மை செய்தவை மலிவான மூன்று காரியங்கள். ஒன்று, பலகைகளுக்கு இடையே விட்ட இரண்டு நூல் இடைவெளி. இன்னொன்று, ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும் ஒட்டிய தார்ப்பட்டை. திருகாணித் துளை வழியே இறங்கும் நீர் சட்டத்துக்குள் ஊறாமல் அது தடுக்கிறது. மொட்டைமாடி நீர்த்தடுப்புக்கு விற்கும் சுருளையே நீளவாக்கில் கீறி இதற்குப் பயன்படுத்தலாம். மூன்றாவது, பீடத்துக்கும் உத்திரத்துக்கும் இடையே வைத்த கால்வனைஸ் தகடு. நான்கு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டி, விளிம்பைக் கீழ்நோக்கி மடித்த இந்தத் தகடு கறையானைக் கொல்லாது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். மண்ணிலிருந்து மரத்துக்கு ஏற வேண்டுமானால் பீடத்தின் மீது பென்சில் பருமனில் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் கறையான் வரும். தகட்டின் விளிம்பில் அது திரும்பி வளைய வேண்டியிருப்பதால் பார்த்தவுடன் கண்ணில் பட்டுவிடும். ஓர் ஆனி மாதத்தில் வடமேற்குப் பீடத்தில் அப்படி ஒரு குழாயைக் கண்டேன். நகத்தால் கீறியபோது உள்ளே வெளுத்த உடல்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. குழாயை உடைத்துச் சுரண்டி, பீடத்தைச் சுற்றிய மண்ணில் கறையான் மருந்து ஊற்றினோம்; மரத்தை அது எட்டவில்லை.

இந்தச் சோதனையைச் செய்ய அடியில் பார்க்க முடிய வேண்டும். தளத்தின் நடுவில் மூன்று பலகைகளை மட்டும் ஒரு சட்டகமாகச் சேர்த்துத் தூக்கி எடுக்கும்படி அமைத்தது இதற்காகத்தான். பக்கங்களைப் பலகையால் மூடாமல், பெருச்சாளி நுழையாதபடி கம்பிவலை மட்டும் அடித்திருக்கிறோம். கீழ்மண்ணை வாய்க்கால் பக்கம் சரித்து ஒன்றரை அங்குல ஜல்லி பரப்பியதால் கொசு முட்டையிட நீர் தேங்குவதில்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை பெய்தபோது எங்கள் தெருவே ஏரியானது. ஒன்றரை அடி உயரத் தளம் முழுவதும் நீருக்குள் மூழ்கியது. மரம் மிதக்கும் பொருள் என்பதைத் தளம் கட்டுகிறவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தேக்கின் எடை கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, வேங்கை சுமார் 800 கிலோ. எங்கள் தளத்தின் மொத்த மரத்தையும் கணக்கிட்டால், மூழ்கிய நிலையில் ஏறத்தாழ 150 கிலோ விசை அதை மேல்நோக்கித் தூக்குகிறது. பீடத்தில் வெறுமனே வைத்த தளமாக இருந்திருந்தால் அது மிதந்து போய் மதிலில் மோதியிருக்கும். கான்கிரீட்டில் புதைத்த போல்ட்கள் உத்திரங்களைப் பிடித்திருந்ததால் இம்மியும் நகரவில்லை. நீர் வடிந்ததும் சேற்றை அது காய்வதற்கு முன்பே கழுவிவிட்டு, பலகைகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றி நிழலில் அடுக்கிக் காற்றாட விட்டோம். கிண்ணம்போல் வளைந்த சில பலகைகள் மாசி மாதத்துக்குள் நேராகிவிட்டன. தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு பலகை மட்டும் நுனியிலிருந்து பிளந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று.

பராமரிப்பில் ஆண்டுக்கு ஒருமுறை தை மாதம் எண்ணெய் பூசுவதே பெரிய வேலை. கண்ணுக்குத் தெரியாத சட்டங்களுக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரவழைத்த முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கட்டும்போதே இரண்டு பூச்சு கொடுத்தோம். பழைய வீடுகளின் கைமரங்களுக்கும் படகுகளுக்கும் பூசிவந்த பொருள் இது. தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறை இன்றித் தொடக் கூடாது. மேல் பலகைக்கு அது மிகவும் கறுத்துப்போகும் என்று தேக்கு எண்ணெய் பூசுகிறோம். அதைப் பூசாமல் விட்டாலும் தேக்கு சாம்பல் நிறத்துக்கு மாறுமே தவிர வலிமை குன்றாது. நீரை வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவினால் நார் எழும்பி மேற்பரப்பு சொரசொரப்பாகும். தேங்காய் நார் பிரஷ்ஷும் சோப்பு நீரும் போதும். பக்கத்து வீட்டு வேம்பின் நிழல் விழும் மூலையில் மட்டும் மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்குகிறது. எட்டு ஆண்டுகளில் இதற்கு நிரந்தரத் தீர்வு கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை தேய்ப்பதும், அம்மாவை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதும்தான் வழி. கார்த்திகை தீபத்தன்று அகல்களைத் தாம்பாளத்தில் வைக்காவிட்டால் எண்ணெய்க் கறை பலகைக்குள் ஊறிவிடும்.

கோடையில் மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு இதில் நிற்க இயலாது. ஆனால் மாலை ஐந்தரைக்கெல்லாம் மரம் ஆறிவிடுகிறது. மொட்டைமாடித் தளமோ இரவு வெகுநேரம்வரை அனல் கக்குகிறது. அக்னி நட்சத்திர நாள்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் இரவு உணவை இங்கேதான் எடுத்துக்கொள்கிறோம். உறவினர் ஒருவர் வீட்டில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை போட்டிருக்கிறார்கள். கறையான் பயமும் எண்ணெய் பூசும் வேலையும் இல்லை என்பது உண்மை. ஆனால் வெயிலில் அது மரத்தைவிடக் கடுமையாகச் சுடுகிறது, நீளவாக்கில் விரிவதால் முனைகளில் கூடுதல் இடைவெளியும் விட வேண்டியிருக்கிறது. பராமரிக்க நேரமே இல்லாதவர்கள் நிழலான இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது கவனம் கோரும் பகுதி படிகள்தான். மண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் படிச்சட்டங்களின் கீழ்நுனி மென்மையாகத் தொடங்கியிருக்கிறது. திருகுளியின் முனையை அழுத்தினால் ஒரு நூல் ஆழத்துக்கு உள்ளே போகிறது. புரட்டாசிக்குள் அவற்றைக் கழற்றி, கருங்கல் பாளம் ஒன்றை அடியில் பதித்து, புதிய வேங்கைச் சட்டங்களின் வெட்டுமுகத்தில் மெழுகு ஏற்றிப் பொருத்த இருக்கிறோம். தளத்தின் ஏனைய பகுதிகளில் இந்த ஆண்டு மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.