முதல் செயின்சா வாங்கப் போகிறீர்களா? ஓட்டிக் காட்டாத கடையில் வாங்காதீர்கள்

என் சின்னத் தோப்பில் மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்துவிட்டன. கோணலும் நோஞ்சானுமாக இருந்தவற்றை வெட்டிக் கலைத்துவிட்டால்தான் மற்றவை பருக்கும். வெட்ட வேண்டியதில் பெரியதே 8 இன்ச் தடிமனைத் தாண்டாது. இதைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். இதுவரை செயின்சாவைத் தொட்டதே இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் எடுத்து வைத்தது 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு) போட்ட, '58 சிசி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின். "சின்னது வாங்கினால் ஆறே மாதத்தில் பெரியது கேட்டு வருவீர்கள், சார்" என்றார். ஓட்டிக் காட்டுங்கள் என்றதற்கு, கடையில் பெட்ரோல் வைப்பதில்லை என்று பெட்டியைக் கட்டிவிட்டார். அப்போதே நான் கிளம்பி வந்திருக்க வேண்டும்.

தோப்பில் ஸ்டார்ட் செய்ததும் தெரிந்தது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐட்லிங்கில் செயின் அசையாமல் நிற்க வேண்டும். ஐட்லிங்கைக் குறைத்தால் எஞ்சின் அணைந்தது, கூட்டினால் செயின் ஓடியது. செயின் பிரேக் அதைவிட மோசம். முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்பைத் தள்ளினால் 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், செயின் நிற்காது.

இதோடு வேலை செய்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. பார் முனையின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் மேலே, நம் முகத்தை நோக்கி எகிறும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். நெருக்கமான மரங்களுக்கு நடுவே நீளமான பார் என்றால், ஒன்றை அறுக்கும்போது முனை பக்கத்து மரத்தில் போய் முட்டும். எனக்கும் அதுதான் நடந்தது. செயின் என் தோளை ஒட்டிப் போனது. இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருந்ததால் மெஷின் கையை விட்டுப் போகவில்லை. பிரேக் விழவே இல்லை. கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

கடைக்குப் போனேன். "ஓட்டிய மெஷினைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். பிரேக் பேண்ட் (செயினை இறுக்கி நிறுத்தும் பட்டை) ஸ்டாக் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. வாரண்டி சீட்டில் கடை முத்திரைகூட இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

இப்போது வைத்திருப்பது 14 இன்ச் பார், 40 சிசிக்கும் குறைவு. என் வேலை முழுவதற்கும் போதும், நாள் முழுக்கப் பிடித்தாலும் தோள் வலிப்பதில்லை. இதை விற்றவர் அந்த மெஷினுக்கான கணக்குப்படி லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, கொல்லையில் வைத்து ஓட்டிக் காட்டினார். முழு வேகத்தில் பிரேக்கைத் தள்ளினார், செயின் சட்டென்று நின்றது. பார் முனையை வெள்ளை அட்டைக்கு மேலே பிடித்து முடுக்கினார். அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தது, செயினுக்கு ஆயில் போகிறது என்று அர்த்தம். செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தப் பற்கள்) எண்ணிக்கை மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். மாற்றுச் செயின் வாங்க இந்த மூன்றும் வேண்டும், பிட்ச் தெரியாமல் செயினைத் தீட்டச் சரியான அரமும் வாங்க முடியாது.

பழைய மெஷினை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அவருக்கும் இதுதான் முதல் மெஷினாம். கொடுக்கவில்லை. செயினைக் கழற்றித் தனியே வைத்துவிட்டேன்.